பங்குக் கரையில் ஓர் ஆந்தைப் பொந்து

கோலாலம்பூரிலிருந்து கடல் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்த என்னைத் திருநெல்வேலிப் பேருந்து நிலையம் கொஞ்ச நேரத்தில் தோற்கடித்துவிட்டது. எங்கள் எஸ்டேட் தோட்டப் பள்ளியில் நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். தப்பில்லாமல் வாசிப்பேன், ஆனால் நிதானமாக வாசிப்பேன். இந்த ஊர்ப் பேருந்துகளுக்கு நிதானம் கிடையாது. ‘ஆழ்’ என்று நான் ஆரம்பிக்கும்போதே ஒன்று புறப்பட்டுப் போய்விட்டது. அடுத்ததில் ‘ஆழ்வார்’ வரை வந்தேன், அதுவும் போய்விட்டது. மூன்றாவது பேருந்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “எம்மா, சாவணும்னா வேற வண்டி பாரும். இது ஆழ்வார்திருநகரி போற வண்டி.”

“அதுலதான்யா ஏறணும்” என்றேன்.

உள்ளே எனக்குப் பக்கத்தில் பனங்கிழங்கு விற்கிற அம்மாள் ஒருத்தி. என் சேலை, என் கைப்பை, என் பேச்சு மூன்றையும் எடை போட்டுவிட்டு, “எந்தூரு?” என்றாள். மலேசியா என்றேன். “அங்கன மழ உண்டுமா?” தினமும் பெய்யும் என்றேன். “தினமுமா!” என்று வாயைப் பிளந்தவள், அவித்த கிழங்கு ஒன்றை என் மடியில் வைத்தாள். நான் அப்படியே கடித்தேன். “ஏய், தோலோட திங்காவ பாருங்க!” என்று வண்டிக்கே கேட்கும்படி சொன்னாள். எங்கள் தோட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தைரியம் வராது. இங்கே ஒரு பேருந்தே சிரித்தது. மிச்சத்தை உரித்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் வந்தது என் தங்கை சரசுவின் தலைத்திவசத்துக்கு. சின்ன வயதிலேயே அவளை அப்பா இந்தப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார். போன வருஷம் அவள் போனபோது என்னால் வர முடியவில்லை. அவள் மகன் செல்லத்துரை ஆழ்வார்திருநகரியில் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். பின்னால் உட்கார்ந்து, பெட்டியை நானே மடியில் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இந்த வயதில்! ஏறினேன். வழியெல்லாம் வாழைத் தோட்டம். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி என் தாடையில் இடித்தது.

அவன் மனைவி மாரிக்கனி உளுந்தஞ்சோறு வைத்திருந்தாள். தோலோடு உளுந்தைப் போட்டு வடித்த சோறு, மேலே நல்லெண்ணெய், பக்கத்தில் எள்ளுத் துவையல். கறுப்பும் வெள்ளையுமாக இலையில் விழுந்ததைப் பார்த்ததும் சோற்றில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துத் திடுக்கிட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்தபின் மூன்று முறை கேட்டு வாங்கினேன். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு வாசனையில் ஒருபடி மேல்தான். ஆனால் இந்தச் சோறு முதுகெலும்பு வரை போய் உட்கார்ந்தது.

மறுநாள் ஆற்றில் திவசம். தாமிரபரணியைப் பற்றி அப்பா பேசாத நாள் கிடையாது. தண்ணீர் நல்ல தண்ணீர்தான், ஆனால் படித்துறையோரம் எங்கும், முழுகியவர்கள் விட்டுப்போன பழந்துணி. காலில் ஒரு சேலை சுற்றிக்கொண்டு என்னை உள்ளே இழுத்தது. “பையப் பாத்து, பெரியம்மா!” என்று செல்லத்துரை பிடித்துக்கொண்டான். இல்லையென்றால் இரண்டு திவசத்தை ஒரே செலவில் முடித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் வயலைக் காட்டக் கூட்டிப்போனான். ஒரு பக்கம் ஊர்க் குளம் நிறைந்து கிடந்தது. மறுபக்கம் பள்ளத்தில் நெல், கதிர் தலை சாய ஆரம்பித்திருந்தது. நடுவில் மண்கரை. கரைமேல் நடந்தோம். வயல் பக்கச் சரிவில், ஓர் உடைமரத்துக்குக் கீழே ஒரு பொந்து. அதன் வாசலில், பட்டப்பகலில், வெயில் காய்ந்துகொண்டு ஓர் ஆந்தை.

மைனா அளவுதான் இருக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், வெள்ளைப் புருவம், மஞ்சள் கண். என்னைக் கண்டதும் தோப்புக்கரணம் போடுவதுபோல் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தது. அதன் ஜோடி மரக்கிளையில் இருந்தது. பொந்துக்குள்ளிருந்து பல்லைக் கடிப்பது போன்ற ஒரு கரகரச் சத்தம். குஞ்சு! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எண்ணெய் எடுக்கிற எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஆந்தை ஒரு வேலையாள். எலி செம்பனைக் குலையைக் கடித்துக் கெடுக்கும், ஆந்தை எலியைத் தின்னும். அதற்காகக் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி வைத்து, ஆந்தையைக் குடிவைப்பார்கள். வெள்ளை மூஞ்சியோடு, கோழி உயரத்துக்கு நிற்கிற ஆந்தை. மலாய்க்காரர்கள் அதைப் பேய்ப் பறவை என்பார்கள். நாங்கள் ‘ராத்திரி மண்டோர்’ என்போம், எங்களை மேய்க்கிற மண்டோர் வீட்டுக்குப் போனபின் அது வேலைக்கு வருவதால். அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். ஏணி வைத்து ஏறி முட்டை பார்ப்பேன், குஞ்சு பார்ப்பேன். குஞ்சோடு பெட்டியைக் கழற்றி அடுத்த கம்பத்தில் மாட்டியிருக்கிறேன், தாய் பின்னாலேயே வரும். ஏணியில் என்னைவிடத் துணிந்தவள் அந்தத் தோட்டத்தில் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

செல்லத்துரை காறித் துப்பினான். “சனியன், எம் பங்குலயே வந்து கெடக்கு பாருங்க. நாளைக்கு அடைச்சிரணும்.”

“உள்ள குஞ்சு இருக்கேப்பா?”

“இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன பெரியம்மா. மண்ண வச்சு இடிக்க வேண்டியதுதான்.”

நான் அதிர்ந்து நின்றுவிட்டேன். உயிரோடு வைத்து அடைப்பதா? அவனோ கதவைச் சாத்துவதுபோல் சொல்லிவிட்டு நடந்தான். கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டபிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.

இந்த ஊரில் குளத்துக் கரையைப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். குளத்துத் தண்ணீரில் பயிர் வைக்கிற ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு துண்டு. அதில் விழுகிற பொந்து, வெடிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீர் ஏறும்போது பொந்து வழியாகக் கசிவு எடுத்தால், கசிவு ஓட்டையாகி, ஓட்டை உடைப்பாகி, ஊர் வயல் முழுவதும் போய்விடும். யார் பங்கில் உடைந்தது என்பதைப் பேரன் பேத்தி வரைக்கும் மறக்க மாட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்துக்குக் ‘கரை உடைச்சான் வீடு’ என்றே பேராம். அந்த வீட்டில் பெண் எடுக்க இன்றைக்கும் யோசிக்கிறார்களாம்.

“வயலு போச்சுன்னா ஒரு வருசச் சோறு போச்சு” என்றான் செல்லத்துரை. “கரை போச்சுன்னா எங்க வீட்டுக்கு இருக்க பேரே போச்சு. நீங்க என்ன பெரியம்மா, ஆந்தைக்குப் பேசுதிய!”

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

சாயந்தரம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாரிக்கனி கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். ஆந்தை அந்தப் பொந்தைத் தோண்டிக் கரையைக் கெடுத்துவிட்டது என்று செல்லத்துரை சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார்.

“அது கொத்தனாரு இல்லப்பா, வாடகைக்கு வந்த ஆளு. பெருச்சாளி தோண்டிப் போட்டுட்டுப் போன பொந்துல வந்து இருக்கு. மரப்பொந்து, கிணத்துச் சுவரு, கல் இடுக்கு, எது இருட்டா இறுக்கமா இருக்கோ அதுதான் அதுக்கு வீடு. அமெரிக்காவுல இதுக்குச் சொந்தக்கார ஆந்தை ஒண்ணு உண்டு. மரமே இல்லாத பொட்டல்ல, வேற பிராணி தோண்டின வளையில, மண்ணுக்குள்ளயே முட்டையிடும். வாசல்ல சாணியக் கொண்டாந்து போட்டு வைக்குமாம், சாணிய நாடி வார வண்டப் புடிச்சுத் திங்க.”

மாரிக்கனி கணவனைக் கடைக்கண்ணால் பார்த்தாள். “ஆந்தை வாசலுக்குச் சாணி கொண்டாருது. இங்கன ஒரு ஆளு, தொழுவத்துச் சாணிய அள்ளச் சொன்னா ஓடி ஒளியுதாவ.”

எல்லோரும் சிரித்தோம். டீச்சர் சொன்னதற்கு நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். ஆந்தையைப் பற்றி எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் ஓர் ஏளனம்.

மறுநாள் காலை, குளத்துப் பொறுப்பைப் பார்க்கிற முத்தையா அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் செல்போன், செல்போனில் மழைச் செய்தி.

“ஏலே செல்லத்துரை! ஒம் பங்குல பொந்து வாயப் பொளந்துட்டுக் கெடக்கு. நீ இங்கன காப்பி குடிக்கியா?”

“இன்னைக்கு அடைச்சிருதேன் அண்ணாச்சி.”

நான் எழுந்து போனேன். “ஐயா, உள்ள குஞ்சு இருக்கு. அதை எடுக்க எனக்கு அவகாசம் வேணும்.”

அவர் என்னைப் பார்க்காமல் செல்லத்துரையைப் பார்த்தார். “இது யாருலே?”

“எங்க பெரியம்மா. மலேசியாவுல இருந்து வந்திருக்காவ.”

“விமானம் ஏறி வந்து ஆந்தைக்கு வக்கீலா நிக்காவளோ?” வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “சரி, பெரிய மனுசி கேக்காவ. பொழுது அடைய முன்ன பொந்து அடைஞ்சிருக்கணும். மேற்க மலையில இருட்டிட்டு வருது.”

அது போதும் எனக்கு. வீடு கட்டியபோது மிஞ்சிய சென்ட்ரிங் பலகை பின்னால் கிடந்தது. என் கைச் சாணில் அளந்து சொல்லச் சொல்ல, செல்லத்துரை முனகிக்கொண்டே அறுத்து ஆணி அடித்தான். நாங்கள் தோட்டத்தில் வைக்கிற அதே பெட்டி, அதே நீளம், அதே அகலத்தில் வாசல். ஒரு சவுக்குக் கம்பின் தலையில் அதை அறைந்து, கரைக்குக் கீழே அவன் வயல் ஓரத்தில், மோட்டார் அறைக்குக் கொஞ்சம் தள்ளி நட்டோம். என் ஊர்ப் பெட்டி இந்த ஊர் வானத்தில் நிற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு கரைச் சரிவில் குப்புறப் படுத்துக் கையை விட்டேன். தோள் வரை போனது. உள்ளே பொந்து ஒரு வளைவு வளைந்து, முடிவில் ஒரு குழி. விரலில் வண்டுச் சிறகு, எலி எலும்பு, இறகு எல்லாம் தட்டுப்பட்டது. கடைசியில் ஒரு சூடான உடம்பு தட்டுப்பட்டது. விரலைக் கவ்விக் கடித்தது. பிடித்து இழுத்தேன். இப்படி மூன்று. மூத்தவை இரண்டுக்கும் இறகு நன்றாக வந்திருந்தது. கடைசிக் குஞ்சு பாதி பஞ்சு.

“ஐயோ, ஆந்தையத் தொடுதாவ!” என்று வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். தாய் பறந்து வந்து என் கொண்டையில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனது. குஞ்சுகளை முந்தானையில் கட்டி, ஏணி வைத்து ஏறி, பெட்டியில் விட்டேன். ஏணியைச் செல்லத்துரை பிடித்துக்கொண்டான்.

நான் இறங்கியதும் அவன் வேலையை ஆரம்பித்தான். களிமண்ணைப் பிசைந்து பொந்துக்குள் திணித்து, உலக்கையால் இடித்து, மறுபடி திணித்து இடித்தான். கரை மறுபடி கரையாகிவிட்டது. அங்கே ஒரு வாசல் இருந்த சுவடு இல்லை.

பொழுது சாயும்வரை காத்திருந்தேன். தாய் பெட்டிக்கு வரும். எங்கள் தோட்டத்தில் வராமல் இருந்ததே இல்லை. குஞ்சுகள் பெட்டிக்குள் கத்திக்கொண்டிருந்தன. தாயும் அதன் ஜோடியும் பறந்து வந்தன. பெட்டியைத் தாண்டிப் பறந்து போய், அந்த ஈரக் களிமண்ணின்மேல் உட்கார்ந்தன. ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. மற்றது காலால் பறண்டியது. நின்றது, மறுபடியும் பறண்டியது.

செல்லத்துரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். “வாங்க பெரியம்மா, தூறுது” என்று மட்டும் சொன்னான்.

வீட்டு வாசலில் மாரிக்கனி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு மறித்தாள். “தலையோட ஊத்திட்டு உள்ள வாங்க அத்தை. ஆந்தையத் தொட்ட கையோட அடுக்களைப் பக்கம் வந்திராதிய.” மழையில் நனைந்துகொண்டே குளித்தேன்.

அன்று ராத்திரி பெய்ததுபோல் ஒரு மழையை நான் எங்கள் நாட்டில்கூடக் கேட்டதில்லை. விடிந்ததும் ஊரே கரையில் நின்றது. குளத்துத் தண்ணீர் கரையின் தலைக்கு ஒரு சாண் கீழே அலையடித்தது. நாலைந்து பங்கு தள்ளி ஒருவர் துண்டில் கசிவு எடுத்து, எல்லோரும் மண்மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செல்லத்துரையும் மூட்டை சுமந்தான். அவன் பங்கில் அடைத்த இடம் சொட்டுக்கூட விடவில்லை. முத்தையா அண்ணாச்சி அந்த இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்தார். “நின்னுட்டுலே” என்றார். அவ்வளவுதான். ஆனால் செல்லத்துரை முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

நான் பெட்டியைப் பார்க்க இறங்கினேன். பெட்டி காலி.

கம்பத்துக்குக் கீழே, சேற்றில், கடைசிக் குஞ்சு கிடந்தது. பஞ்சு நனைந்து உடம்போடு ஒட்டி, என் பெருவிரல் பருமன்தான் இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

அதைக் கையில் எடுத்து எறும்பைத் தட்டிவிட்டேன். அண்ணாந்து பெட்டியைப் பார்த்தேன். கோழி உயரத்து ஆந்தைக்கு வெட்டிய வாசல். மைனா அளவு ஆந்தைக்கு அது வாசலா? கடைத்தெரு. காற்றும் சாரலும் நேராக உள்ளே போயிருக்கும். இருட்டில்லை, இறுக்கமில்லை, முதுகை ஒட்டிக்கொள்ள ஒரு மண்சுவர் இல்லை. டீச்சர் அதைத்தானே காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்? ஆந்தை என்றால் ஆந்தைதானே என்று நான் நினைத்தேன். எடுத்துச் சொல்ல ஆளே இல்லாத மாதிரி, நானே அளந்தேன், நானே ஏற்றினேன். மற்ற இரண்டையும் பாம்போ பூனையோ கொண்டுபோயிருக்கும் என்றான் செல்லத்துரை. கரையைத் தொடாமல், வயலோரத்தில் குழி தோண்டி அந்தக் குஞ்சைப் புதைத்தோம். குழியை அவன்தான் தோண்டினான்.

அடுத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாரிக்கனி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொதி வைத்து, இடியாப்பத்தைப் பிட்டுப் போட்டு, “திங்காமக் கெடந்து செத்துப் போனீயன்னா ஊரு ஆந்தைதான் காரணம்னு பேசும். தின்னுங்க” என்றாள். தின்றேன்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று காலை, வயலை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். செல்லத்துரை மண்வெட்டியும் ஒரு கூடைக் களிமண்ணும் எடுத்துக்கொண்டான், மழைக்குப் பிறகு வரப்பில் எலி வளை கூடிவிட்டதாம். மாரிக்கனியும் கூட வந்தாள். நெல் சாயாமல் நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் அறுப்பு.

மோட்டார் அறைப் பக்கம் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. பல்லைக் கடிப்பது போல. நான் அசையாமல் நின்றேன். மோட்டார் அறை வாசலுக்கு ஒரு படிக்கல். மண் அரித்து, கல்லுக்கு அடியில் ஒரு சந்து. கை நுழைகிற சந்து. மண்டியிட்டுப் பார்த்தேன். இருட்டுக்குள் இரண்டு வட்ட முகம், நாலு மஞ்சள் கண். பூனையும் இல்லை, பாம்பும் இல்லை. இரண்டும் அந்த மழையில் பெட்டியை விட்டுக் குதித்து, சேற்றில் நடந்தே வந்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்கின்றன. மின்கம்பியில் தாயும் அதன் ஜோடியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து எங்களை முறைத்தன. படிக்கல்லைச் சுற்றி வண்டுச் சிறகும் எலி வாலும்.

நான் எழுந்திருக்கவில்லை. என் பின்னால் செல்லத்துரை களிமண் கூடையோடு நிற்கிறான் என்பது தெரியும். அடைக்காதே என்று எந்த முகத்தோடு கேட்பது?

“அடைக்கப் போறியளா?” என்று மாரிக்கனிதான் கேட்டாள்.

“எதுக்கு அடைக்கணும்? இது ஊருக் கரையா?” என்றான். “எஞ் சொந்தப் படிக்கல்லு.”

“நடுச்சாமத்துல அலறுமே!”

“அலறட்டும். நீ அலறுததவிடவா?”

“இவியளுக்கு வாயப் பாரு! அத்தை வந்து போறதுக்குள்ள பேச்சு கூடிப் போச்சு.”

அவன் கூடையைக் கீழே வைத்தான். அறைக்குள் இருந்த அரிவாளை எடுக்க வேண்டும். கதவைத் திறந்து, படிக்கல்லை மிதிக்காமல், காலை அகட்டி ஒரு பெரிய எட்டு வைத்து உள்ளே போனான். மாரிக்கனி ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே, அவளும் தாண்டினாள்.